கடலை வீட்டுப் பிள்ளை

ஜூன் 16, ஞாயிறு

பட்டறைக்கு இன்று விடுமுறை. வெல்ல மண்டியில் கொடுத்த இந்த டைரியில் ஜனவரியிலிருந்து ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. மகள் பிறந்த பிறகாவது எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கும் நாலு மாதம் ஆகிவிட்டது. எதையும் உடனே செய்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை.

முதலில் விவரம். என் பெயர் பூல்பாண்டி. கோவில்பட்டியில் அண்ணன் ராமபாண்டியும் நானும் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறோம். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. கொள்முதலும் கடைக்காரர்களும் அண்ணன் பொறுப்பு. கடலை வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் என் பொறுப்பு. பாகுப் பதம் பார்ப்பதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்சியவன் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

மகள் பெயர் தன்ஷிகா. என் மனைவி உமா செல்போனில் தேடி வைத்தது. அண்ணனுக்கு அது வாயில் நுழையவில்லை, தனம் என்று கூப்பிடுகிறார். எனக்கும் அதுதான் வசதி.

தனத்துக்குக் கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து சொரசொரவென்று இருக்கின்றன. சில இடங்களில் வெடித்து நீர் கசிகிறது. கரப்பான் என்கிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் நான்தான் அவளை மடியில் போட்டு எண்ணெய் தேய்க்கிறேன். எங்கள் கடலையை எங்கள் கண் முன்னால் செக்கில் ஆட்டிய எண்ணெய். இந்த வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் அதில் ஊறி வளர்ந்தவர்கள்தான். தேய்க்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்.

ஜூன் 20

தனத்தின் கன்னத்தில் கொத்தாகத் தடிப்பு. கொசுதான். வலை வாங்க வேண்டும்.

ஜூன் 27

வலை கட்டியாயிற்று. இன்றும் தடிப்பு. பட்டறையிலிருந்து வந்த சூட்டோடு அவளை எடுத்துக் கொஞ்சினேன், கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. உமா என் மீசையைக் குறை சொல்கிறாள். முள் மாதிரி இருக்கிறதாம், பிள்ளையின் தோல் தாங்காதாம். கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை. யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜூன் 28

மீசையை எடுத்துவிட்டேன். அண்ணன் பார்த்துவிட்டு, யார் வேண்டும் தம்பி என்று கேட்டார். மிட்டாய் வெட்டுகிற பெண்களுக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிக்க விஷயம் கிடைத்தது.

ஜூலை 3

குழந்தை டாக்டரிடம் போனோம். நடுத்தர வயது டாக்டரம்மா, வளவளவென்று பேசாதவர். தனத்தை விளக்கடியில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். கரப்பான் கடுமையாக இருக்கிறது, எழுதிக் கொடுக்கிற களிம்பைத் தவிர எண்ணெய், மஞ்சள், மாவு எதுவும் தோலில் படக்கூடாது என்றார். கண்ட கண்ட கடை எண்ணெயை வாங்கித் தேய்க்கிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். நாங்கள் கடை எண்ணெயைத் தொடுவதே இல்லை.

பிறகு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாதிரித் தோல் உள்ள பிள்ளைகளுக்குச் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும், அதில் கடலை முக்கியமானது என்றார். அதற்காகக் கடலையை ஒதுக்கி வைப்பதும் தப்பு. முன்பெல்லாம் மூன்று வயது வரை கொடுக்காதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இப்போது சீக்கிரமே வாய்க்குப் பழக்கச் சொல்கிறார்கள். ஆனால் இவளுக்கு எடுத்தவுடன் வீட்டில் கொடுக்கக்கூடாது. மதுரையில் ஒவ்வாமை டாக்டரிடம் காட்டி, சோதித்து, அவர் சரி என்றால்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்த மாதமே போய்விடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் விளக்கினார். முழுக்கடலை, உடைத்த கடலை இரண்டும் ஐந்து வயது வரை ஆகாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். விழுதைக் கட்டியாகக் கொடுத்தாலும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். உப்போ இனிப்போ சேர்க்காமல் மையாக அரைத்து, வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ நீர்க்கக் கரைத்து, கரண்டி நுனியில் தொட்டு ஒரே ஒரு நக்கு. பிறகு பொறுத்திருந்து பார்க்க வேண்டும். சளி காய்ச்சல் இல்லாத நாளாக, ஆஸ்பத்திரி திறந்திருக்கிற காலை நேரமாக இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வாரம் தவறாமல் தொடர வேண்டும்.

கடலையை மருந்து மாதிரி எழுதிக் கொடுக்கிற டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. உமா டாக்டர் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

விழுது அரைத்துப் பழகிப் பார்த்தேன். கடலையை இளஞ்சூட்டில் வறுத்து, தோலையும் முளையையும் நீக்கி, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினேன். முதலில் மாவாகிறது, பிறகு உருண்டு நிற்கிறது, பொறுமையாக ஓட்டினால் எண்ணெய் கக்கி இளகி வருகிறது. வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு குருணை இல்லை. அண்ணன் விரலில் தொட்டு நக்கிவிட்டு, இதை பாட்டிலில் அடைத்து விற்கலாமே என்றார். உமாவிடம் நீட்டினேன். மதுரைக்கு எப்போது என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் கோயில் கொடைத் திருவிழா, மிட்டாய் கட்டி மாளவில்லை. மதுரைக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் அடுப்பு அணைந்து கிடக்கும். ஆடி முடியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 26

ஆடி முடிந்தது. தனத்துக்குச் சளி. சளியோடு சோதனை செய்தால் சரியாக வராது என்று யாரோ சொன்னார்கள். உமா போன் போட்டுக் கேட்கலாம் என்றாள். எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும்.

செப்டம்பர் 19

வறுக்கிற உருளையின் மோட்டார் எரிந்துவிட்டது. வெறும் சட்டியில் வறுத்து நாள் ஓட்டுகிறோம். தனம் இப்போது கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பருப்புச் சோறு எல்லாம் சாப்பிடுகிறாள். வாயைத் திறந்து திறந்து வாங்குகிறாள். நல்ல நாக்கு, என் நாக்கு.

உமா இன்று கோபமாகப் பேசினாள். "பட்டறையே பத்தி எரிஞ்சாலும் ஒரு நாள் நிப்பாட்ட மாட்டீங்க போல. நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிட்டு மதுரைக்குப் போயிருதேன்" என்றாள். அவள் மட்டும் தனியாகப் போய்ப் பேசத் தெரியாமல் முழிப்பாள். தீபாவளி முடியட்டும், நானே கூட்டிப் போகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

அக்டோபர் 12

தவழ ஆரம்பித்துவிட்டாள். என் குரல் கேட்டால் நடுக்கதவு வரை வந்துவிடுகிறாள். நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு பட்டறையை எட்டிப் பார்க்கிறாள். கடலைத் தோல் பறந்து தலையெல்லாம் ஒட்டி, குட்டி வியாபாரி மாதிரி இருக்கிறாள். பெண்கள் எல்லாம், முதலாளியம்மா வந்தாச்சு என்கிறார்கள்.

உள்ளங்கையும் முட்டியும் சிவந்து தடித்திருக்கின்றன. சிமெண்டுத் தரை உராய்கிறது. பாய் விரித்துப் போட வேண்டும்.

அக்டோபர் 30

நாளை தீபாவளி. நிற்க நேரமில்லை.

நவம்பர் 9

மதுரை டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு உமாவே போனில் நேரம் வாங்கிவிட்டாள். நல்லது. ஆனால் கடலையிலேயே பிறந்து கடலைத் தூசியிலேயே தவழ்கிற பிள்ளைக்குக் கடலை சேருமா என்று மதுரையில் போய்க் கேட்பது, மீனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அண்ணனும் இதையேதான் சொன்னார்.

நவம்பர் 11

பிள்ளை பிழைத்துவிட்டாள். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 13

எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறை விடுமுறை, நான் நிதானமாக இருந்தேன். தனம் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள், சளி இல்லை. புது விழுது அரைத்தேன். ஆற வைத்த வெந்நீரில் கரைத்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. கரண்டி நுனியில் தொட்டேன். டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை, மதுரையைத் தவிர. உமா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்மதித்துக்கொண்டுதான் வந்தாள், கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

தனம் நக்கினாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொன்று கேட்டு வாயைத் திறந்தாள். நான் கொடுக்கவில்லை. பொறுத்திருக்க வேண்டும் என்று தெரியும்.

முதலில் வாயைச் சுற்றிச் சிவந்தது. எச்சில் பட்டிருக்கும் என்று துடைத்தேன். உதடு வீங்கியது. கண் இமை வீங்கியது. குடித்த பாலெல்லாம் பீறிட்டு வெளியே வந்தது. இருமினாள், அந்த இருமல் பிள்ளையின் இருமல் மாதிரியே இல்லை. நான் உமாவைக் கூப்பிட்டேனா கத்தினேனா தெரியவில்லை. அவள் இறங்கி வருவதற்குள் தனம் என் கையில் துவண்டுவிட்டாள்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி ஞாயிறு பூட்டியிருந்தது. அது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று. ஆட்டோவைத் திருப்பி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே ஒரு நர்ஸ் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். தொடையில் ஊசி போட்டார்கள். இன்னொன்று போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். பிறகு அழுதாள்.

பிள்ளையைத் தொட வந்த என்னை நர்ஸ் தடுத்தார். "கையைக் கழுவிட்டு வாங்க. உங்க மேல எல்லாம் கடலை வாசம் அடிக்குது" என்றார். கழுவினேன். மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவினேன்.

நவம்பர் 16

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இன்று டாக்டரம்மாவிடம் போனோம். தோலில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். களிம்பு என்றாள் உமா. நான் எண்ணெயையும் சொன்னேன், பொய் சொல்வானேன்.

"எண்ணெய் எதுவும் வேண்டாம்னு சொன்னேனே."

"கடை எண்ணெய் இல்லம்மா. எங்க கடலை, நாங்க ஆட்டுனது."

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "புண்ணு வழியா உள்ள போனதை உடம்பு எதிரின்னு முடிவு பண்ணிக்கிச்சு. வாய் வழியா முதல்ல போயிருந்தா சோறு மாதிரி ஏத்துக்கிட்டிருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும்னு இல்ல. இவளுக்கு அப்படி நடந்திருக்கலாம்."

கன்னத்தில் வந்த தடிப்பையும் கேட்டார். கொசு என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. அது கொசுவும் இல்லை, மீசையும் இல்லை. நான்.

இருக்கலாம் என்றுதான் சொன்னார். அடித்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வரை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இரவு சாப்பிடும்போது அதுவும் கையை விட்டுப் போய்விட்டது.

டிசம்பர் 17

மதுரை. கடைசியில் போய்விட்டோம். பால், முட்டை, கடலை என்று ஒவ்வொன்றின் சாரத்தையும் முதுகில் சொட்டுச் சொட்டாகத் தொட்டுக் குத்திப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் கொசுக்கடி அளவு. கடலை தொட்ட இடம் மட்டும் வீங்கிப் பரந்து முதுகில் பாதியைப் பிடித்துக்கொண்டது. ரத்தத்திலும் பார்த்தார்கள், அதிலும் மிக அதிகம்.

வயதானால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். சில பிள்ளைகளுக்கு விலகும், இவளுக்கு இருக்கிற அளவைப் பார்த்தால் நம்பிக்கை சொல்ல முடியவில்லை என்றார் ஒவ்வாமை டாக்டர். வாசம் பட்டு உயிருக்கு ஒன்றும் ஆகாது, கையில் ஒட்டியது, தரையில் கிடக்கிற தூசி, அது வாய்க்குப் போனால்தான் ஆபத்து. தவழுகிற பிள்ளை எல்லாவற்றையும் வாயில் வைக்கும். அதனால் இவள் இருக்கிற வீட்டில் கடலையே இருக்கக்கூடாது என்றார்.

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது. எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டினால் சுண்ணாம்புக்கு முன்னால் கடலைதான் வரும்.

டிசம்பர் 22

அவசரத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மருந்தையும் சிரிஞ்சையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறோம். உமா கத்தரிக்காயில் தண்ணீர் ஏற்றிப் பழகினாள். இரண்டு தடவையில் பிடிபட்டுவிட்டது. நான் குத்தினால் தண்ணீரெல்லாம் வெளியே வழிகிறது. கொதிக்கிற பாகை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுகிற கை இது.

ஜனவரி 5

புது டைரி. நடுக்கதவைச் சாத்தி இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்தாயிற்று. பட்டறைக்கு வெளியே தெருப்பக்கம் ஒரு குழாய் போட்டு, அங்கேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி வீட்டுக்கு வருகிறேன். தெருவில் போகிற வருகிறவர்களுக்கு நான் குளிப்பது வேடிக்கை. உமா காலையும் மாலையும் தரையைச் சோப்புப் போட்டுத் துடைக்கிறாள். அவள் விரலிடுக்கெல்லாம் புண்.

எண்ணெய் தேய்க்கிற நேரம் வந்தால் தனம் என்னைத் தேடுகிறாள். நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு சத்தம் காட்டாமல் இருக்கிறேன்.

ஜனவரி 18

பொங்கலுக்கு அண்ணன் பிள்ளைகள் பின்பக்கம் ஓடி விளையாடியதில் வறுத்த கடலை ஒன்று பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறது. தனம் அதை எடுத்து வாய்க்குக் கொண்டு போகும்போது உமா பார்த்துப் பிடுங்கிவிட்டாள். கை மட்டும் தடித்தது. அதோடு போயிற்று.

உமா அழவில்லை. சாத்தூரில் இருக்கிற தன் அக்கா சாரதாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. துணிமணியை எல்லாம் இரண்டு தடவை துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டாள். ஊசி டப்பாவை எப்போதும் உடம்போடு வைத்திருக்க ஒரு பை தைத்துக்கொண்டாள். என்னையும் வந்துவிடச் சொன்னாள். சாரதாவின் வீட்டுக்காரர் தீப்பெட்டி செய்கிற ஆபீசில் மேஸ்திரி, அங்கே எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார். அடுத்த மாதமே சேரலாம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனசாரத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தனத்துக்கு முதல் பிறந்தநாள். சாத்தூருக்குப் போனேன். கொல்லைக் குழாயில் தலையோடு குளித்து, சாரதா வீட்டிலேயே வாங்கி வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பிறகுதான் மாடிக்குப் போனேன். நான் குளித்து முடிக்கும் வரை தனம் படிக்கட்டில் உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வரத் துடித்தாள். "தொடக் கூடாது, அப்பா குளிச்சிட்டு வரட்டும்" என்று உமா இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கரப்பான் பாதிக்கு மேல் ஆறிவிட்டது. கன்னம் வழவழவென்று இருக்கிறது. என் வீட்டை விட்டுப் போன மூன்று வாரத்தில்.

மார்ச் 6

அண்ணனுக்குச் சர்க்கரை ஏறி, இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்டுகிற பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் இரண்டு குடும்பத்தின் அடுப்பும் அவர்கள் வீட்டு அடுப்புகளும் இந்த அடுப்பால்தான் எரிகின்றன.

உமாவுக்குப் போனில் சொன்னேன். அண்ணன் எழுந்து நடக்கட்டும், பிறகு வந்துவிடுகிறேன் என்றேன். சரி என்றாள்.

ஏப்ரல் 2

தீப்பெட்டி ஆபீசில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

மே 4, ஞாயிறு

சாத்தூர். அண்ணன் செருப்புப் போட்டு நடக்கிறார், பட்டறைக்கும் வருகிறார். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். உமா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், இப்போது என்ன தடை என்று. வேறு ஆளுக்குப் பாகுப் பதம் பழக்காமல் எப்படி வருவது என்றேன். பழக்க ஆள் தேடினீர்களா என்றாள். தேடவில்லை.

"வர மனசில்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா வராத மனுசனை வேற என்னன்னு சொல்லுதது?"

சோற்றைத் தின்று கையைக் கழுவினேன். இங்கேயாவது உண்மையை எழுதலாம். அந்த அடுப்பு முன்னால் நின்றால் நான் யார் என்று எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு விஷம் வைத்தவன் என்பது மட்டும்தான் மிஞ்சும். இதை ஒரு காரணம் என்று யாரிடம் சொல்வது.

தனம் நடக்கிறாள். முதல் அடி எடுத்து வைத்து இரண்டு வாரம் ஆயிற்றாம். போனில் சொன்னதாக உமா சொல்கிறாள். பட்டறைச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

ஜூன் 8

இந்த வாரமும் போகவில்லை. கல்யாண ஆர்டர்.

ஜூன் 29

உமா போனில் சந்தோஷமாகப் பேசினாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. தெருவில் ஒரு கிழவர் பிள்ளைக்குக் கடலைமிட்டாய் நீட்டினாராம். பிள்ளைக்கு ஆசையாக மிட்டாய் கொடுக்காதவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள். தனம் வாங்காமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உவ்வா, உவ்வா என்று தலையாட்டியிருக்கிறாள். உவ்வா என்றால் அவள் பாஷையில் புண், வலி. படத்தைக் காட்டியும் கடைத்தெருவில் வாசத்தைக் காட்டியும் உமாவும் சாரதாவும் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்த பாடம். தெரியாதவர்கள் எதை நீட்டினாலும் இனி வாங்க மாட்டாள் என்றாள் உமா. அந்தக் கிழவர் கையில் இருந்தது எங்கள் சரக்காகவும் இருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

சாத்தூருக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது போய்.

புறப்படும்போதே குளித்தேன். அங்கே போய் மறுபடியும் குளித்தேன். நகக்கண்ணை பிரஷ் போட்டுத் தேய்த்தேன், சாரதா வீட்டுச் சட்டை வேட்டியைப் போட்டுக்கொண்டேன். மருத்துவப்படி என் உடம்பில் ஒரு துகள் இல்லை. மதுரை டாக்டரே வந்து பார்த்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொள் என்றுதான் சொல்வார்.

மாடியில் தனம் கிண்ணத்தில் பொரியைப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தலைமுடி வளர்ந்து குட்டியாக இரண்டு குடுமி. கன்னத்தில் ஒரு தழும்பு இல்லை. என்னைப் பார்த்தாள். யார் என்று தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. முகம் மலர்ந்தது. எழுந்தாள், இரண்டு அடி வந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன்.

நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்க் கோத்துக்கொண்டாள்.

"அப்பா குளிச்சிட்டேன் தனம்" என்றேன். கையை விரித்துக் காட்டினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

தலையாட்டினாள். கோபமில்லை, பயமில்லை. தெரிந்த ஒன்றை எனக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா உவ்வா."

உமா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏட்டி, அது அப்பாட்டி, போ" என்று அவள் கையைப் பிடித்து என் பக்கம் தள்ளப் போனாள். தனம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தவளே இப்படிச் செய்கிறாளே என்று குழம்பிப் போனாள்.

"விட்ரு உமா. அவளை அதட்டாத" என்றேன். "அவ சரியாத்தான் செய்யுதா."

சரியாகத்தான் செய்கிறாள். இந்தப் பாடத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் ஒரு நாள் யாரோ நீட்டுவதை வாங்கிவிடுவாள். எனக்காக அதில் ஓட்டை போட முடியாது. அப்பாவிடம் மட்டும் வாங்கலாம் என்று சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அப்பாவிடம்தான் அவள் வாங்கினாள்.

உமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், போகவும் இல்லை, வரவும் இல்லை. நான் அவளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். என் கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதி. அவளும் உட்கார்ந்தாள். பொரியைத் தின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.